பெர்லின்ல குடியேறியாச்சு, இனி ஊரை எப்படி சுத்திப் பாக்குறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ பெர்லின் வந்து சேர்ற நம்ம ஆளுங்க முதல் ரெண்டு மாசம் வீடு, முகவரி பதிவு, பேங்க் அக்கவுண்ட்டுனு அலையுறாங்க, அது ஓய்ஞ்ச உடனே "இங்க என்னதான் பாக்கலாம்"னு மெசேஜ் போடுறாங்க. ஆளுக்கு ஆள் வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கு தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். ரெண்டு நாள் டூர் வர்றவங்களுக்கு இது பெருசா உதவாது, இங்கயே வாடகை கட்டிட்டு இருக்கிறவங்களுக்குத்தான்.

ஒரே வீக்எண்ட்ல பெர்லின் முழுக்க முடிச்சிடலாமா?

முடியாது, அவசரப்படவும் வேண்டாம். பெர்லினுக்கு நடு சென்டர்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா 1990 வரைக்கும் இது கிழக்கு, மேற்குன்னு ரெண்டு ஊர். மேற்குல சோ ஸ்டேஷன் (மிருகக்காட்சி சாலை ஸ்டேஷன்), கூடாம் கடைத்தெரு, கிழக்குல அலெக்ஸாண்டர்பிளாட்ஸ். ரெண்டு பக்கமும் போட்டி போட்டு கட்டினதால மிருகக்காட்சி சாலையே ரெண்டு இருக்கு, ஆபரா ஹவுஸ் மூணு. பரப்பளவு கிட்டத்தட்ட 890 சதுர கிலோமீட்டர். அதனால ஒரு நாளைக்கு ஒரு ஏரியான்னு வெச்சுக்கோங்க, ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்தாலே பாதி ஊர் பாத்துடலாம், அதுவும் ஜூன் மாசம் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

பாரிஸ், வியன்னா மாதிரி அழகா இல்லையே? ஏமாத்தமா இருக்கு.

எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும். ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து நடு ஊர் நாசமாச்சு, மிச்சம் இருந்ததுல பலதை பிறகு ரெண்டு அரசாங்கமும் அவங்கவங்க பக்கத்துல இடிச்சாங்க. சோ ஸ்டேஷன் பக்கத்துல கோபுரம் உடைஞ்ச ஒரு சர்ச் நிக்கும், கைசர் வில்ஹெல்ம் நினைவு சர்ச், 1943 நவம்பர்ல குண்டு விழுந்தது, அந்த மொட்டைக் கோபுரத்தை அப்படியே விட்டுட்டு பக்கத்துல புதுசா ஒண்ணு கட்டினாங்க. வெளியில பாக்க சிமெண்ட் பெட்டி, உள்ள போய் நின்னா நாலு பக்கமும் நீலக் கண்ணாடி, தலைக்கு மேல தண்ணி நிக்கிற மாதிரி இருக்கும். இடிஞ்ச செங்கல்லை எல்லாம் கொட்டிக் கொட்டியே டாய்ஃபெல்ஸ்பெர்க்னு ஒரு மலை உண்டாச்சு, சுமார் 120 மீட்டர், அது உச்சியில அமெரிக்கக்காரன் ஒட்டுக்கேக்க கட்டின டோம் எல்லாம் இப்போ கிராஃபிட்டியா கிடக்கு.

நான் புதுசா வர்றவங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான், இந்த ஊர்ல அண்ணாந்து பாக்கிறதைவிட குனிஞ்சு தரையைப் பாக்கணும். ஏன்னு கீழ போகப்போகத் தெரியும்.

முதல் நாள் எங்க ஆரம்பிக்கிறது?

100ஆம் நம்பர் பஸ். சோ ஸ்டேஷன்ல ஏறி மாடியில முன் சீட்டைப் பிடிங்க, வெற்றித்தூண், ஜனாதிபதி மாளிகை, பார்லிமெண்ட், அப்புறம் உண்டர் டென் லிண்டன் ரோடு வழியா அலெக்ஸ் வரைக்கும் போகும். டூரிஸ்ட் பஸ்காரன் கேக்குற காசு இதுக்குத் தேவையில்ல, சாதா ஏபி சோன் (ஊர் எல்லைக்குள்ள) டிக்கெட் போதும். மாசா மாசம் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுக்கிறவங்களா இருந்தா அதுவே போதும் (2023 மே மாசம் 49 யூரோவுக்கு வந்தது, 2025ல 58, 2026 ஜனவரியிலேருந்து 63, இன்னும் ஏறும்னுதான் நினைக்கிறேன்).

தனி டிக்கெட் வாங்கினா ஸ்டாம்ப் பண்ண மறக்காதீங்க. ஸ்டேஷன்ல கேட் எதுவும் இல்லையேன்னு தைரியமா போகாதீங்க, சாதா டிரெஸ்ல, சில சமயம் கிழிஞ்ச ஜீன்ஸ்ல வர்ற ஆளு கதவு மூடின உடனே ஐடி கார்டைத் தூக்கிக் காட்டுவார், 60 யூரோ ஃபைன். நான் புதுசுன்னு சொன்னா விடமாட்டாங்க.

பெர்லின் சுவர் எங்க இருக்கு? செக்பாயிண்ட் சார்லி போகலாமா?

சார்லியை விட்டுடுங்க. அங்க நிக்கிற எல்லைக் காவல் கூண்டு பிறகு செஞ்சு வெச்ச நகல், சுத்தி ஃபாஸ்ட்ஃபுட் கடை. ஈஸ்ட் சைடு கேலரி பரவால்ல, 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு சுவர் இருக்கு, 1990ல பல நாட்டு ஓவியர்கள் வரைஞ்சது, சோவியத் தலைவர் பிரஷ்னேவும் கிழக்கு ஜெர்மனி தலைவர் ஹோனெக்கரும் முத்தம் கொடுத்துக்கிற படம் அங்கதான். காலையில எட்டு மணிக்கு முன்னாடி போனா ஆள் தலை மறைக்காம பாக்கலாம்.

ஆனா சுவர்னா என்னன்னு புரியணும்னா பெர்னவர் ஷ்ட்ராஸேதான் போகணும். நோர்ட்பான்ஹோஃப் எஸ்-பான் (லோக்கல் ரயில்) ஸ்டேஷன்ல இறங்கினாலே ஆரம்பிச்சுடும். மேற்கு பெர்லின் ரயில் சிலது கிழக்குக்கு அடியில ஓடிச்சு, அந்த ஸ்டேஷன்கள்ல எல்லாம் நிக்காம மெதுவா கடந்து போகும், மங்கின லைட்ல கிழக்கு காவலாளி துப்பாக்கியோட நிப்பான். நோர்ட்பான்ஹோஃப் அப்படி மூடிக் கிடந்த ஸ்டேஷன்கள்ல ஒண்ணு, அந்தக் கதையை அங்கயே போர்டு போட்டு வெச்சிருக்காங்க.

மேல வந்து தெருவுல நடங்க. 1961 ஆகஸ்ட் 13 ராத்திரியோட ராத்திரியா எல்லையை மூடினப்போ இந்தத் தெருவுல ஒரு வினோதம், ஒரு வரிசை வீடுங்க கிழக்குக்கு சொந்தம், அந்த வீட்டு வாசலுக்கு வெளிய இருக்கிற நடைபாதை மேற்கு. வாசலைத் தாண்டினா வேற நாடு. வாசலை செங்கல் வெச்சு அடைச்சதும் ஜனங்க ஜன்னல்லேருந்து குதிச்சாங்க, மேற்கு ஃபயர் சர்வீஸ் கீழ வலை பிடிச்சிட்டு நின்னாங்க. இடா சீக்மன்ங்கிற அம்மா ஆகஸ்ட் 22ஆம் தேதி மாடி ஜன்னல்லேருந்து மெத்தையை எல்லாம் கீழ போட்டுட்டு குதிச்சாங்க, பொழைக்கல, சுவர் எல்லையில இறந்த முதல் ஆள் அவங்கதான். 1964 அக்டோபர்ல இதே தெருவுலேருந்து தோண்டின சுரங்கம் வழியா 57 பேர் தப்பிச்சாங்க. எந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தரையில இரும்புத் தகடு பதிச்சிருக்காங்க, சுவர் இல்லாத இடத்துல துருப்பிடிச்ச இரும்புக் கம்பிகளை வரிசையா நட்டு வெச்சிருக்காங்க.

எதிர்ப்பக்கம் ஒரு பார்வை கோபுரம் இருக்கு, ஏறிடுங்க. மேலேருந்து பாத்தாதான் அது ஒரு சுவர் இல்ல, ரெண்டு சுவர், நடுவுல வெளிச்சம் போட்ட மண் பட்டை, காவல் கோபுரம்னு முழு அமைப்பும் தெரியும். அந்த மண் பட்டையில மாட்டிட்டு நின்ன சர்ச்சை 1985ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க, சுவர் விழுறதுக்கு நாலு வருஷம் முன்னாடி! இப்போ அதே இடத்துல, பழைய சர்ச்சோட உடைசலைக் கலந்து இடிச்சு இறுக்கின மண் சுவர்ல ஒரு சின்ன நீள்வட்டமான பிரார்த்தனைக் கூடம் இருக்கு, பக்கத்துல கோதுமை மாதிரி ஒரு தானியம், ரை, பயிர் பண்றாங்க. எல்லாம் இலவசம். திங்கட்கிழமை உள்ள இருக்கிற கண்காட்சி மூடியிருக்கும், வெளிய எப்பவும் திறந்திருக்கும்.

அப்புறம் ஊர்ல எங்க நடந்தாலும் ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு வரிசை கல் பதிச்சு ஒரு கோடு போகும், அதுதான் சுவர் இருந்த தடம். ஆபீஸ் வாசல்ல, சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல எல்லாம் அது போயிட்டே இருக்கும், தெரிஞ்சவங்க கண்ணுக்கு மட்டும்தான் படும். மொத்த சுவர் 155 கிலோமீட்டர் மாதிரி, இப்போ அந்தத் தடம் முழுக்க சைக்கிள்ல போக வழி இருக்கு, துண்டு துண்டா பிரிச்சு சம்மர்ல போங்க.

நம்ம தமிழ் ஆளுங்களுக்கும் பெர்லின் சரித்திரத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

நிறையவே இருக்கு, ஆனா கைடு யாரும் சொல்லமாட்டாங்க. ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸே ஸ்டேஷன் பக்கத்துல கண்ணாடிக் கட்டடமா ட்ரேனன்பலாஸ்ட்னு ஒண்ணு இருக்கு, கிழக்குல சொந்தக்காரங்களைப் பாத்துட்டு மேற்குக்குத் திரும்புறவங்க அழுதுட்டே கடந்த செக்பாயிண்ட். உள்ள இலவசம், அந்தக் குறுகின பாஸ்போர்ட் கூண்டு ஒரிஜினலா இருக்கு, நின்னு பாருங்க, கதவு மூடினதும் ஒரு மாதிரி இருக்கும்.

இதே ஸ்டேஷன்தான் 1983 கலவரத்துக்கு முன்னயும் பின்னயும் இலங்கையிலேருந்து தப்பிச்சு வந்த ஏகப்பட்ட தமிழர்களுக்கு மேற்கு ஐரோப்பாவோட வாசல். கிழக்கு பெர்லினை ஒட்டி இருந்த ஷோனஃபெல்ட் ஏர்போர்ட்ல இறங்குவாங்க, கிழக்கு ஜெர்மனி டிரான்சிட் விசா கொடுக்கும், ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸே வந்து எஸ்-பான் ஏறினா அடுத்து மேற்கு பெர்லின். மேற்கு அதை ஒரு நாட்டு எல்லையாவே ஒத்துக்கல, அதனால அவங்க பக்கம் பாஸ்போர்ட் பாக்குற வேலையே கிடையாது. சுவரைத் தாண்ட அந்த ஊர்க்காரனே சுரங்கம் தோண்டிட்டு இருந்தப்போ, யாழ்ப்பாணத்துப் பையன் சூட்கேஸோட ரயில்ல வந்து இறங்கியிருக்கான். 1985ல மேற்கு ஜெர்மனி அழுத்தம் கொடுத்து, போய்ச் சேர்ற நாட்டு விசா இல்லாத தமிழர்களுக்கு டிரான்சிட் தர்றதை நிறுத்த வெச்சாங்க. பிரிட்ஸ் ஏரியாவுல இருக்கிற மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனா, அந்த வழியா வந்த பெரியவங்க யாராவது இருப்பாங்க, மரியாதையா ஐயா, அக்கான்னு பேச்சுக் கொடுங்க, அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க, தோண்டித் தோண்டி கேக்காதீங்க.

அதுக்கும் முன்னாடி செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்துல தமிழ்க் குடும்பத்துல பிறந்தவர், முதல் உலகப்போர் சமயம் பெர்லின்ல இருந்துட்டு பிரிட்டிஷுக்கு எதிரா வேலை பாத்த இந்தியர் குழுவுல இருந்தவர், 1934ல பெர்லின்லயே இறந்தார். எம்டன் கப்பல்ல அவரும் வந்து மெட்ராஸ்ல குண்டு போட்டார்னு நம்ம ஊர்ல சொல்ற கதையை நான் நம்பல, அதுக்காக ஆள் சாதாரணம்னு அர்த்தமில்ல. நேதாஜியும் 1941லேருந்து 43 வரைக்கும் இங்கதான் இருந்தார்.

யூதர் நினைவிடத்துல அந்தக் கல்லு மேல ஏறி ஃபோட்டோ எடுக்கிறாங்களே, எடுக்கலாமா?

கூடாது. 2,711 சிமெண்ட் கற்கள், 2005ல திறந்தாங்க, கொல்லப்பட்டவங்களுக்கான இடம், ரீல்ஸ் ஸ்பாட் இல்ல. உள்ள இறங்கி நடக்க நடக்க தரை கீழ போகும், கல் தலைக்கு மேல போயிடும், ரோட்டு சத்தம் அடங்கிடும், அதை அனுபவிச்சாலே போதும். அடியில தகவல் மையம் இருக்கு, இலவசம், அதைப் பாக்காம வராதீங்க. ரெண்டு நிமிஷம் தள்ளி நடந்தா ஹிட்லரோட பங்கர் இருந்த இடம், ஒரு அபார்ட்மெண்ட் பார்க்கிங், ஒரு போர்டு, அவ்வளவுதான், வேணும்னேதான் எதுவும் கட்டாம விட்டிருக்காங்க. நல்ல முடிவு.

ரோட்டுல சின்னச் சின்ன பித்தளைத் தகடு பாத்தேன், அது என்ன?

ஷ்டோல்பர்ஷ்டைன். குன்டர் டெம்னிக்ங்கிற கலைஞர் 1990கள்ல ஆரம்பிச்சது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பித்தளை, நாஜிங்க கொண்டுபோனவங்க கடைசியா விருப்பப்பட்டு வாழ்ந்த வீட்டு வாசல் நடைபாதையில பதிச்சிருப்பாங்க. "இங்கே வாழ்ந்தார்", பேரு, பிறந்த வருஷம், எப்போ கொண்டுபோனாங்க, எங்க கொன்னாங்க, அவ்வளவுதான் எழுதியிருக்கும். உங்க வீட்டு வாசல்லயே இருக்கலாம், நாளைக்குக் காலையில வேலைக்குப் போறப்போ பாருங்க. சில இடத்துல அப்பா, அம்மா, கடைசியில பொறந்து ரெண்டு வயசான குழந்தைன்னு நாலஞ்சு தகடு பக்கத்துல பக்கத்துல இருக்கும். நவம்பர் 9 சாயங்காலம் அந்தந்தத் தெருக்காரங்க வந்து முட்டி போட்டு உக்காந்து, ஸ்பாஞ்சால தேச்சு பளபளன்னு ஆக்கிட்டு மெழுகுவத்தி வெப்பாங்க, நீங்களும் கூட சேர்ந்துக்கலாம், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க.

இதே வகையில இன்னொண்ணு, பேபல்பிளாட்ஸ் சதுக்கத்துல தரையில ஒரு கண்ணாடி. குனிஞ்சு பாத்தா கீழ வெள்ளை அலமாரிங்க, ஒரு புத்தகம்கூட இல்ல. 1933 மே 10 ராத்திரி அங்கதான் புத்தகங்களைக் கொளுத்தினாங்க. இருட்டினப்புறம் போங்க, உள்ள லைட் எரியும், பகல்ல கண்ணாடியில உங்க மூஞ்சிதான் தெரியும்.

ரைக்ஸ்டாக் (பார்லிமெண்ட் கட்டடம்) கண்ணாடி டோம்ல ஏற எவ்வளவு?

இலவசம், ஆனா ஆன்லைன்ல முன்கூட்டியே பேர் பதியணும், பாஸ்போர்ட் இல்லாம உள்ள விடமாட்டாங்க. அப்பா அம்மா வர்ற தேதி தெரிஞ்ச உடனே புக் பண்ணிடுங்க. சூரியன் மறையுற நேரமா பாத்து எடுங்க.

மியூசியம் எதுக்குக் காசு கொடுக்கலாம்?

பெர்கமோன் மியூசியம்தான் எல்லாரும் கேப்பாங்க, அது 2023 அக்டோபர்லேருந்து ரிப்பேருக்காக முழுசா மூடியிருக்கு, ஒரு பகுதி 2027ல திறக்கிறதா சொல்லியிருக்காங்க, அதனால பழைய யூடியூப் வீடியோ பாத்துட்டு போய் நிக்காதீங்க. நோயஸ் மியூசியம் கண்டிப்பா போகலாம், நெஃபர்டிட்டி சிலை அங்க தனி ரூம்ல இருக்கு, 1912ல எகிப்துல தோண்டி எடுத்தது, எகிப்து திருப்பிக் கேட்டுட்டே இருக்கு. அந்த ரூம்ல ஃபோட்டோ எடுக்கக் கூடாது, காவலுக்கு நிக்கிறவங்க ஃபோனைத் தூக்கினாலே ஓடி வருவாங்க.

ஹம்போல்ட் ஃபோரம் எனக்கு இன்னும் ஒட்டல. கிழக்கு ஜெர்மனியோட மக்கள் மாளிகையை இடிச்சுட்டு, பழைய ராஜா அரண்மனை மாதிரியே வெளிப்பக்கத்தைத் திரும்பக் கட்டி, அதுக்குள்ள உலகம் முழுக்கலேருந்து கொண்டுவந்த சாமானை வெச்சிருக்காங்க. பெனின் வெண்கலச் சிலைகளோட (இன்னிக்கு நைஜீரியாவுல இருக்கிற பழைய பெனின் ராஜ்யத்தோடது) உரிமையை 2022ல நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, சிலதைக் கடனா வாங்கி இங்க காட்டுறாங்க. மொட்டை மாடி மட்டும் நல்லா இருக்கு.

மாசத்துல முதல் ஞாயிறு மியூசியம் எல்லாம் இலவசம்னு யாராவது சொன்னா, அது 2024 கடைசியோட நின்னுபோச்சு. அதுக்கு பதிலா என்னிக்கும் இலவசமா இருக்கிறதைப் பிடிங்க: டோப்போகிராஃபி ஆஃப் டெரர் (நாஜி ரகசிய போலீஸ் தலைமையகம் இருந்த இடத்துல இருக்கிற கண்காட்சி), அப்புறம் 1945 மே மாசம் ஜெர்மனி சரணடைஞ்சு கையெழுத்துப் போட்ட கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் வீடு. ரெண்டாவதுக்கு கூட்டமே வராது, அந்தக் கையெழுத்து ஹால்ல நீங்க தனியா நிக்கலாம்.

வெஜிடேரியன் நான், என்ன சாப்பிடுறது?

பயப்படாதீங்க, சைவத்துக்கு இந்த ஊர் ரொம்ப நல்ல ஊர். ஒரே ஒரு எச்சரிக்கை, கெமூஸே கெபாப்னு போர்டு இருந்தா காய்கறின்னு நம்பி வாங்கிடாதீங்க, பெரும்பாலும் சிக்கனோட வறுத்த காய்தான் வரும், கறி இல்லாம வேணும்னு சொல்லணும். ஃபலாஃபெல் எங்கயும் கிடைக்கும், சூடான்காரங்க கடையில வேர்க்கடலை சாஸ் ஊத்தித் தருவாங்க, நம்ம நாக்குக்கு அது அப்படியே ஒத்துப்போகும். அசைவக்காரங்களுக்கு டோனர் கெபாப், 1961 ஜெர்மனி-துருக்கி வேலை ஒப்பந்தத்துக்கு அப்புறம் வேலைக்கு வந்த துருக்கிக்காரங்க கொண்டுவந்து ரொட்டிக்குள்ள வெச்சு வித்தது. கறிவுர்ஸ்ட்னு ஒரு சாஸேஜ், அதுல கறி மசாலாப் பொடின்னு பேருக்குத் தூவியிருப்பாங்க, 1949ல ஹெர்டா ஹாய்வர்ங்கிற அம்மா ஆரம்பிச்சது, பெரும்பாலும் பன்றி, ஒருதடவை சாப்பிட்டுப் பாக்கலாம்.

செவ்வாய், வெள்ளி மைபாஹூஃபர் தெருவுல கால்வாய் ஓரம் துருக்கி சந்தை. மூடுற நேரத்துக்கு அரை மணி முன்னாடி போனா தட்டு தட்டா தக்காளி, மாம்பழம், கத்திரிக்காய்னு ஒரு யூரோ ஒரு யூரோன்னு கூவுவாங்க, கோயம்பேடு ஞாபகம் வரும். இந்தியன் ரெஸ்டாரண்ட் பத்திக் கேக்காதீங்க, முக்காவாசி இடத்துல எதைக் கேட்டாலும் அதே தித்திப்பு ஆரஞ்சு கிரேவிதான்.

ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்கே, என்ன பண்றது?

அன்னிக்குத்தான் ஊரே வெளிய வரும். மவுவர்பார்க்ல பழைய சாமான் சந்தை, வெயில் காலத்துல கல் படிக்கட்டுல நூத்துக்கணக்குல ஜனம் உக்காந்து யாரோ ஒருத்தர் பாடுற கரோக்கேவுக்குக் கைதட்டும், சுமாரா பாடினாலும் தட்டும்.

எனக்குப் பிடிச்சது டெம்பல்ஹோஃப் மைதானம். முன்னாடி ஏர்போர்ட், 1948 ஜூன்லேருந்து 49 மே வரைக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலின் ரோடு, ரயில் எல்லாத்தையும் அடைச்சப்போ மேற்கு பெர்லின்ல இருந்த 20 லட்சம் பேருக்கு நிலக்கரி, மாவு, பால் பவுடர்னு எல்லாமே விமானத்துல வந்தது, அதுல முக்கியமான இடம் இது. கேல் ஹால்வர்சென்ங்கிற பைலட் கைக்குட்டையில பாராசூட் கட்டி பசங்களுக்கு மிட்டாய் போட்டார். 2008ல ஏர்போர்ட் மூடி, 2010ல பார்க்கா திறந்தாங்க, வீடு கட்டலாம்னு அரசாங்கம் பிளான் போட்டதை 2014ல ஜனங்க ஓட்டுப் போட்டுத் தடுத்துட்டாங்க. இன்னிக்கு வீட்டு வாடகை போற போக்கைப் பாத்தா அந்த ஓட்டு சரியான்னு இங்க சண்டையே நடக்கும், புது வீடு தேடி அலையுற நம்ம ஆளுங்க கட்டியிருக்கலாம்னுதான் சொல்வாங்க. எனக்கு அந்த ரன்வேல சைக்கிள் ஓட்டிட்டு அப்படிச் சொல்ல மனசு வரல. காத்து நல்லா வரும், பட்டம் கொண்டுபோங்க.

ஏரிக்குப் போனேன், டிரெஸ் இல்லாம இருக்காங்க!

ஆமா, இருப்பாங்க. பாட்டி தாத்தாவும்தான். கிழக்கு ஜெர்மனி காலத்துலேருந்து சாதாரண விஷயம், உங்களை யாரும் கழட்டச் சொல்லப்போறதில்ல. உத்துப் பாக்கக் கூடாது, ஃபோனை பையிலயே வெச்சிடணும். சங்கடமா இருந்தா வான்சே பீச்சுக்கு டிக்கெட் எடுத்துப் போங்க, அங்க மணல், குடும்பம், ஐஸ்கிரீம்னு நம்ம ஊர் பீச் மாதிரிதான்.

அப்பா அம்மா வர்றாங்க, ரொம்ப நடக்க முடியாது. எங்க கூட்டிட்டுப் போறது?

வான்சேலேருந்து கிளாடோவுக்கு எஃப்10 படகு. சாதா ஏபி டிக்கெட்லயே ஏறலாம், இருபது நிமிஷம் ஏரி மேல, பெரியவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாள் பக்கத்து ஊர் போட்ஸ்டாம், அது சோன் சி. சான்சூசி அரண்மனை தோட்டத்துல ஃப்ரீட்ரிக் ராஜா சமாதி மேல ஜனங்க உருளைக்கிழங்கு வெச்சுட்டுப் போயிருப்பாங்க, அந்தப் பயிரை நாட்டுல பரப்பினவர்னு நன்றிக்கு. எங்க கூட்டிட்டுப் போனாலும் அம்மாக்கள் ஊர் போய் சொல்ற கதை அந்த உருளைக்கிழங்குதான்.

குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டுதே?

டிசம்பர்ல நாலுக்கு முன்னாடியே. வீட்டுலயே அடைஞ்சா மனசு கெட்டுப்போகும், அதனால ஏதாவது ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. சீசன்ல புதன் மதியம் 1 மணிக்கு பில்ஹார்மோனி இசை அரங்கத்தோட ஃபோயர்ல இலவசக் கச்சேரி, தேதி பாத்துட்டு சீக்கிரம் போங்க. வெஸ்டர்ன் கிளாசிக்கல் ஒண்ணும் தெரியாதவங்களும் படிக்கட்டுல உக்காந்து கேட்டுட்டு வருவாங்க. நவம்பர் கடைசியில கிறிஸ்துமஸ் மார்க்கெட், மது வேண்டாம்னா கிண்டர்புன்ஷ்னு கேளுங்க, கப்புக்கு டெபாசிட் வாங்குவாங்க, திருப்பிக் கொடுத்தா காசு வரும். பிப்ரவரியில பெர்லினாலே சினிமா விழா, தமிழ்ப் படம் வந்தா டிக்கெட் விடுற நிமிஷமே போயிடும்.

கிளப்?

வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னு, காரணமே சொல்லாம திருப்பி அனுப்புவாங்க. மனசுல எடுத்துக்காதீங்க. உள்ள விட்டா ஃபோன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, பிச்சு எடுத்தா வெளிய.

ஜெர்மன் தெரியாம சமாளிக்கலாமா?

சுத்திப் பாக்க இங்கிலீஷ் போதும். பேக்கரிக்காரம்மாகிட்ட மட்டும் "மோர்கன்" சொல்லிட்டு ஆரம்பிங்க, அப்பவும் சிரிக்கமாட்டாங்க, அது கோவம் இல்ல, பெர்லின் ஸ்டைல்.

வேற எதாவது?

50 சென்ட் காசு ரெண்டு மூணு எப்பவும் பாக்கெட்ல வெச்சுக்கோங்க, டாய்லெட்டுக்கு. குடிச்ச பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, பிளாஸ்டிக்கும் கேனும் 25 சென்ட் டெபாசிட், சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா ரசீது வரும். சைக்கிள் போற சிவப்புப் பாதையில நின்னு ஃபோட்டோ எடுக்காதீங்க, பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி திட்டுவாங்க.